லக்கி பேம்பூ மஞ்சளாகிறதா? மஞ்சள் எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள்

எங்கள் அடுக்ககத்தில் லக்கி பேம்பூ இல்லாத வீடு குறைவு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, ஆபீஸில் கொடுத்தது, ஈசிஆர் நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் வந்துவிடுகிறது. மஞ்சளாகத் தொடங்கியதும் குவளையோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கூடவே ஒரு பயமும் வரும்: "அக்கா, இது வாடினா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?" ஆகாதது பெரும்பாலும் தண்ணீர்தான். சென்னையில் இந்தச் செடி படும் பாட்டில் முக்கால்வாசி குழாயில் தொடங்குகிறது.

பெயரில்தான் பேம்பூ. இது டிராசினா வகை. மத்திய ஆப்பிரிக்காவில், கேமரூன் பக்கம், மர நிழலில் வளர்வது. அதனால் மூங்கிலுக்குச் சொல்லும் எந்த வைத்தியமும் இதற்கு வேண்டாம்.

## எதையும் ஊற்றுவதற்கு முன்

செடியைக் குவளையிலிருந்து எடுங்கள். கூழாங்கல்லைத் தனியாகக் கொட்டுங்கள். சமையலறை சிங்க்கில் வைத்து நல்ல வெளிச்சத்தில் மூன்று இடம் பாருங்கள்.

இலை: மஞ்சள் நுனியிலா, அடி இலையிலா, குருத்திலா?

தண்டு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல தண்டு விரலுக்குக் கரும்பு மாதிரி கெட்டியாக இருக்கும். கெட்டுப்போனது 'பொதக்' என்று அமுங்கும், அல்லது தோல் மட்டும் சுருங்கி உள்ளே வெற்றாக இருக்கும்.

வேர்: சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் ஆரோக்கியம்தான். சிவந்த வேரைப் பார்த்து "அழுகிடுச்சு" என்று வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பழுப்பாகி, வழவழவென்று, இழுத்தால் கையோடு வருவதுதான் அழுகல். மோந்து பார்த்தாலே தெரியும்.

தண்டு பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்தால் அவசரமே இல்லை, நிதானமாகக் காரணம் தேடலாம். தண்டிலேயே மஞ்சள் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு 'தண்டு கீழிருந்து மஞ்சள்' என்ற பகுதிக்குப் போங்கள். ஒரே தண்ணீரில் நிற்கும் மற்ற தண்டுகளுக்கும் அது பரவும்.

## அடி இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சள்

வயதான இலை. மேலே புதுக் குருத்து வந்துகொண்டிருந்தால் இது நோயே இல்லை. இலையைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் உறையோடு கழன்று வரும். உறையைத் தண்டில் விட்டுவிடாதீர்கள், ஈரத்தில் கறுத்துப்போகும். பறித்த இலையைப் பூனையோ நாயோ மெல்லாதபடி குப்பையில் போடுங்கள். இந்தச் செடி அவற்றுக்கு ஆகாது, வாந்தி எடுக்கும். மென்றுவிட்டால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நான்கு இலை விழுந்தால் அது வயது இல்லை. கீழே படியுங்கள்.

## இலை நுனி மட்டும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகக் காய்கிறது

என்னிடம் வருவதில் மிகுதியானது இதுதான். காரணம் தண்ணீரில் உள்ள உப்பு, குளோரின், ஃப்ளூரைடு. டிராசினா இனமே ஃப்ளூரைடுக்கு ஆகாத செடி. செலவில்லாததில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வற்ற வற்ற மேலே ஊற்றுகிறீர்களா? ஃபேன் நாள் முழுக்க ஓடும் ஹாலில், சித்திரை வைகாசியில், குவளைத் தண்ணீர் கண்ணெதிரே குறையும். குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்பினால், ஆவியாய்ப் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. இரண்டு மாதம் இப்படி ஊற்றினால் உள்ளே இருப்பது கடல் தண்ணீருக்குத் தம்பி. "நான் தினமும் தண்ணி ஊத்துறேனே" என்று சொல்பவர்களின் செடிதான் முதலில் நுனி காய்கிறது. குவளையின் உள்சுவரில் தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, கூழாங்கல்லை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிர்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கல்லையும் குவளையையும் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து நன்றாக அலசுங்கள். இனி நிரப்பாதீர்கள், வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள்.

மெட்ரோ தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடிக்கிறீர்களா? குளோரின் வாசனை அடித்தால், வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் போய்விடும். ஆனால் உப்பும் ஃப்ளூரைடும் எத்தனை நாள் வைத்தாலும் போகாது. காய்ச்சி ஆறவைத்து ஊற்றுபவர்கள் உண்டு. காய்ச்சினால் தண்ணீர் குறைந்து உப்பு கூடத்தான் செய்யும்.

போர் தண்ணீரா? வேளச்சேரி, திருவான்மியூர், ஈசிஆர் பக்கத்து வீடுகளில் நான் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவேன். பக்கெட்டில் வெள்ளை படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை, ஷவர் ஓட்டை அடைக்கிறது என்றால் அந்தத் தண்ணீரை இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்றே தெரியவில்லையா? அடுக்ககங்களில் மெட்ரோ, போர், லாரி மூன்றும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. மார்கழியில் நன்றாக இருந்த செடி ஏப்ரலில் திடீரென்று நுனி காய்ந்தால், செடியைப் பார்க்காதீர்கள், வாட்ச்மேனிடம் "அண்ணே, லாரி எப்போதிலிருந்து வருது?" என்று கேளுங்கள்.

ஆர்ஓ வீணாகும் தண்ணீரை ஊற்றுகிறீர்களா? தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆர்ஓ மிஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு: கேன் தண்ணீர் அல்லது ஆர்ஓ சுத்தத் தண்ணீர். ஒரு குவளைக்கு வாரம் ஒரு டம்ளர் இரண்டு டம்ளர்தான் செலவு, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரை விட நல்லது எதுவும் இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டைமாடி கழுவப்பட்ட பிறகு, திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்து மூடி வையுங்கள். ஏசி தண்ணீரில் உப்பு இல்லைதான். ஆனால் அந்தக் குழாய்க்குள் பாசியும் தூசியும் இருக்கும். மண்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுகிறேன், வேர் முங்கி நிற்கும் குவளைக்கு ஊற்றுவதில்லை.

சரியானதா என்று தெரிய ஒரு மாதமாவது ஆகும். காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது. புதிதாக வரும் இலையின் நுனி சுத்தமாக இருந்தால் வழி சரி. பழைய நுனி கண்ணை உறுத்தினால் கத்தரியால் இலையின் கூர்மை வடிவிலேயே வெட்டி, பழுப்பில் ஒரு நூலளவு விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய விளிம்பு மறுபடி காயும்.

## குருத்தும் மேல் இலைகளும் சேர்ந்து மஞ்சள்

அண்மையில் உரம் போட்டீர்களா? கேட்டால் முதலில் "இல்லை" என்பார்கள், பிறகு "கொஞ்சம் 19:19:19 போட்டேன்" என்பார்கள். கொஞ்சம் என்றால் ஒரு ஸ்பூன். தண்ணீரில் நிற்கும் வேருக்கு அது விஷம். எல்லாவற்றையும் கொட்டி, வேரை ஓடும் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் வைத்து இரண்டு மூன்று மாதம் உரத்தையே மறந்துவிடுங்கள். அதன் பிறகும் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை, அதில் கொஞ்சம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர்? மண்ணில் ஊற்றலாம். குவளையில் ஊற்றினால் இரண்டே நாளில் புளித்து நாறும், வேர் மூச்சுவிட முடியாது. உடனே மாற்றுங்கள்.

உரமும் இல்லை, கழுநீரும் இல்லை என்றால் வெயிலைப் பாருங்கள்.

## இலை ஒரு பக்கம் வெளிறி, பழுப்புத் திட்டு விழுகிறது

ஜன்னல் பக்கம் இருக்கும் பாதி மட்டும் வெளுத்தால் வெயில். மேற்குப் பார்த்த ஜன்னலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிக்கும் வெயிலை அக்னி நட்சத்திரத்தில் எந்த நிழல் செடியும் தாங்காது. மூன்று நான்கு அடி உள்ளே தள்ளுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். வடக்கு ஜன்னல் என்றால் ஒட்டியே வைக்கலாம்.

திட்டு எந்தப் பக்கமும் இல்லாமல் இலை விளிம்பு சுருண்டு காய்ந்தால், ஸ்பிளிட் ஏசியின் காற்று நேராக எங்கே விழுகிறது என்று கையை நீட்டிப் பாருங்கள். கடைகளில் கல்லா மேசை பெரும்பாலும் அந்தக் காற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. இரவில் ஏசியை அணைத்து ஷட்டர் இறக்கியதும் அதே இடம் புழுங்கும். செடியை மேசையின் மறு ஓரத்துக்கு மாற்றினாலே பாதி சரியாகும்.

இன்னொரு வேடிக்கை. ஃபெங் சூயியில் பணம் சேரும் மூலை தென்கிழக்கு. வாஸ்துவில் தென்கிழக்கு அக்னி மூலை, அதாவது சமையலறை. இரண்டையும் நம்பும் வீட்டில் செடி கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இலையைத் துடைத்துப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும். எந்த மூலையானாலும் அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள்.

## இலை முழுக்க வெளிர் பச்சை, தண்டு நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. பூஜை அலமாரிக்குள் வைத்த செடிகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன, போதாததற்கு விளக்குச் சூடும் ஊதுபத்திப் புகையும். நிழல் செடி என்றால் இருட்டுச் செடி இல்லை. பகலில் விளக்கு போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற இடம் போதும். ஒரேயடியாக பால்கனிக்குக் கொண்டுபோகாதீர்கள், சில நாள் ஹாலில் வைத்துப் பழக்குங்கள்.

## தண்டு கீழிருந்து மஞ்சள்

மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகாது. இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே" என்று விட்டுவைத்த ஒரு தண்டுக்காகப் பக்கத்தில் இருந்த ஐந்தும் போகும்.

இன்றே செய்ய வேண்டியது:

1. மஞ்சள் தண்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரைக் கொட்டுங்கள்.
2. குவளையை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கூழாங்கல்லைக் கொதிக்க வையுங்கள். வண்ண ஜெல் பந்து போட்டிருந்தால் தூக்கி எறியுங்கள். அது வேரைச் சுற்றி அடைத்துக்கொள்கிறது, கழுவவும் முடியாது.
3. மற்ற தண்டுகளின் வேரைப் பிரித்து, பழுப்பு வழவழப்பை மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு தண்டுக்கும் கத்தரியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.
4. புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் முங்கினால் போதும், இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் வேண்டாம். குவளை கழுத்து வரை நிரப்புவதுதான் அழுகலுக்கு முதல் காரணம்.
5. இரண்டு வாரம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, தண்டை அழுத்திப் பாருங்கள்.

எடுத்த தண்டின் மேல்பாதி பச்சையாகக் கெட்டியாக இருந்தால் அதைக் காப்பாற்றலாம். மஞ்சள் முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் ஒரே வெட்டு. வெட்டிய முகத்தைப் பாருங்கள். சுத்தமான வெளிர் நிறம் என்றால் தனிக் குவளையில் வையுங்கள். பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். வளையம் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தால் தண்டை விட்டுவிட்டு, பக்கக் கிளையைத் தண்டோடு ஒட்டும் இடத்தில் வெட்டி, அடி இலைகளைக் கழற்றி அதை மட்டும் தண்ணீரில் வையுங்கள். வேர்விடச் சில வாரம் பிடிக்கும். அதுவரை நிழல், உரம் கிடையாது.

தண்டில் மஞ்சளோடு பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் எழும்பியிருந்தால் அது பூஞ்சை. கடையிலிருந்தே வந்திருக்கலாம். பச்சை மேல்பாதி இருந்தாலும் நான் வெட்டி வைக்கச் சொல்வதில்லை. மூடிய பையில் குப்பைக்குப் போகட்டும்.

### மூன்றடுக்கு, பின்னல், சுருள் வகையாக இருந்தால்

கேக் மாதிரி அடுக்கி, தங்க நிற நாடா கட்டி விற்பதில் வெளி வட்டம் பச்சையாகத்தான் தெரியும். அழுகல் நடுவில் தொடங்கும். நாடாவைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ரப்பர் வளையமோ கம்பியோ இறுக்கிக் கட்டியிருக்கும், ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் தண்டின் தோலில் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கும். நடுத்தண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, மெத்தென்றதைக் கீழ்ப்பக்கமாக உருவி எடுங்கள். கம்பியை எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இடைவெளி தெரியும், தெரியட்டும். காற்று போகும்.

பின்னலில் ஒரு தண்டு கெட்டால் உருவ முடியாது. பின்னலைப் பிரித்தால் மற்றவையும் கீறிப்போகும். கெட்ட தண்டை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி வெளியே எடுக்க வேண்டும். இது பொறுமையான கை செய்யும் வேலை.

## தண்டு மேலிருந்து மஞ்சளாகிச் சுருங்குகிறது

வெட்டிய உச்சியில் மெழுகு பூசியிருப்பார்கள். அது பெயர்ந்திருக்கும், ஈரம் வெளியேறித் தண்டு காய்கிறது. பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, சாதா மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, சில நொடி ஆறிய மெழுகைச் சொட்டவிடுங்கள். பக்கக் கிளைக்குக் கீழே மஞ்சள் இறங்கிவிட்டால் கிளையை வெட்டித் தனியாக வேர்விட வையுங்கள்.

## மஞ்சள் புள்ளி, பிசுபிசுப்பு, வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி இலை உறையின் இடுக்கில் ஒளிந்திருக்கும். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடையுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே பொடி மஞ்சள் புள்ளியும் என்றால் சிலந்திப்பேன். ஷவரில் இலையின் இரு பக்கமும் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளிக்கும்போது குவளைத் தண்ணீரில் எண்ணெய் விழாமல் செடியை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீர் பச்சையாகிறது, நெளிகிறது

பச்சை என்றால் பாசி. கண்ணாடிக் குவளை, அதில் வெளிச்சம், வேறொன்றுமில்லை. பீங்கான் குவளைக்கு மாற்றினால் போகும்.

நெளிந்தால் கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தக் குவளை மிகவும் பிடித்த இடம். ஏடிஸ் வகைக் கொசு ஒன்று 2001-இல் கலிஃபோர்னியாவுக்குக் கப்பல் ஏறிப் போனதே லக்கி பேம்பூ கன்டெய்னர்களில்தான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே குவளைச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்சுவரை பிரஷ்ஷால் தேயுங்கள். புழு பார்க்க வரும் மாநகராட்சி ஊழியர் ஹாலில் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான், சண்டை போடாதீர்கள்.

## மண்தொட்டியில் இருந்தால்

அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். வெளித்தொட்டிக்குள் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள். விரலை ஓர் அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மற்றபடி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஒற்றைத் தண்டுக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். வருகிறவர் வண்டிச் செலவுக்குப் புதிதாகவே சில தண்டு வாங்கலாம்.

வீட்டில் ஸ்பைடர் பிளான்ட், கார்டிலைன் என்று எல்லாச் செடிக்கும் நுனி காய்ந்தால், கூப்பிட வேண்டியது தோட்டக்காரரை அல்ல. ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிற தம்பியின் பையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டும் கருவி அது. குழாய்த் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் தனித்தனியாக அளந்து சொல்லச் சொல்லுங்கள். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். குழாயில் அதைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். ஆர்ஓ தண்ணீரிலேயே அளவு ஏறியிருந்தால் மெம்பிரேன் மாற்றும் நேரம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். டிடிஎஸ் மீட்டர் ஃப்ளூரைடைத் தனியாகக் காட்டாது. அதற்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்தான். அந்தச் செலவை அசோசியேஷன் தலையில் போடுங்கள், சம்ப் எல்லாருக்கும் பொது.

குவளையை இரண்டு முறை முழுதாகச் சுத்தம் செய்தும் மறுபடி தண்டு மஞ்சளானால், அல்லது விலை கூடிய பின்னல், மூன்றடுக்கு கெட்டால், நர்சரிக்குப் போகலாம். செடி முழுவதையும் தூக்கிப் போகாதீர்கள். கெட்ட தண்டு ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு, நீங்கள் ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, செடி நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். தண்டை அழுத்திப் பார்க்காமல், என்ன தண்ணீர் என்று கேட்காமல், ஒரு டானிக் பாட்டிலை நீட்டினால் அடுத்த நர்சரிக்கு நடையைக் கட்டுங்கள்.